ரெஃப்ரி ஜேகப் சூமா: ரோபன் தீவுச் சிறையின் ஃபுட்பால் லீகும் தென்னாப்பிரிக்காவின் சட்டமும்

இன்னைக்கு எபிசோடுக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம்.

அமெரிக்காவில் பல ஊர்களில் ஷெரிஃப் பதவிக்கே தேர்தல் நடக்கும். போஸ்டர், பிரசாரம், ஓட்டு எல்லாம் உண்டு. அந்த ஊர் போலீசுக்குத் தலைவர் யார்னு மக்களே முடிவு பண்ணுவாங்க. நம்ம ஊர்ல அப்படிக் கிடையாது. இன்ஸ்பெக்டரையோ எஸ்பியையோ நாம ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கறதில்ல. ஆனா கொஞ்சம் யோசிச்சா, எல்லா ஜனநாயகத்திலும் சட்டத்தைக் காக்கிற கடைசிப் பொறுப்பு தேர்தலில் ஜெயிச்சு வந்தவங்க கையில்தான் இருக்கு. போலீஸ் அமைச்சர், பிரதமர், ஜனாதிபதி எல்லாரும் சட்டத்துக்குக் கட்டுப்படுவேன்னு சத்தியம் பண்ணிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்றாங்க.

அப்படி ஒரு நாற்காலிக்கு ஒரு பழைய ஃபுட்பால் ப்ளேயர் வந்தா என்ன ஆகும்? அதுவும் வெறும் ப்ளேயர் இல்ல, விசில் ஊதின ரெஃப்ரி. மைதானத்தில் 'இது ஃபவுல், இது கோல்'னு தீர்ப்பு சொன்ன ஒருத்தர், ஒரு நாட்டோட சட்டத்துக்கே பொறுப்பா வந்தா அந்த விதிமுறைப் பழக்கம் கூடவே வருமா?

இது கற்பனை இல்ல. தென்னாப்பிரிக்காவில் நிஜமாவே நடந்தது.

தீவு

கேப்டவுன் நகரத்துக்கு எதிரே, கரையிலிருந்து சுமார் 7 கிலோமீட்டர் தள்ளி, கடலுக்குள் ஒரு சின்னத் தீவு இருக்கு. பேரு ரோபன் தீவு. பரப்பளவு சுமார் 5 சதுர கிலோமீட்டர்தான். டச்சுக்காரர்கள் காலத்திலிருந்தே, அதிகாரத்தில் இருப்பவர்களுக்குப் பிடிக்காதவர்களைக் கொண்டுபோய்த் தள்ளுகிற இடம் அது. தொழுநோயாளிகளைக்கூட அங்கேதான் அடைத்து வைத்தார்கள்.

1960 மார்ச் 21. ஷார்ப்வில் என்ற ஊரில், கறுப்பின மக்கள் கையில் வைத்திருக்க வேண்டிய பாஸ் புத்தகத்தை எதிர்த்துக் கூட்டம் கூடியது. போலீஸ் சுட்டது. 69 பேர் இறந்தார்கள். அடுத்த மாதமே ஆப்பிரிக்க தேசிய காங்கிரசும் பான் ஆப்பிரிக்கன் காங்கிரசும் தடை செய்யப்பட்டன. இரண்டு கட்சிகளும் தலைமறைவாகி ஆயுதப் போராட்டத்துக்கு நகர்ந்தன. பிடிபட்ட ஆண்களை, அதிலும் வெள்ளையர் அல்லாதவர்களை, அரசு ரோபன் தீவுக்கு அனுப்பியது.

நெல்சன் மண்டேலா அங்கே 18 வருஷம் இருந்தார்னு நமக்கெல்லாம் தெரியும். ஆனா மண்டேலாவும் மற்ற பெரிய தலைவர்களும் தனிச்சிறைப் பிரிவில் இருந்தார்கள். மற்ற நூற்றுக்கணக்கான கைதிகள் பெரிய பெரிய பொது அறைகளில் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். நம்ம கதை அந்தப் பொது அறைகளில் நடக்குது.

அங்கே 1963-ல் பிடிபட்ட இரண்டு பேரை இப்ப உங்களுக்கு அறிமுகப்படுத்தறேன்.

ஒருவர் ஜேகப் சூமா. 1942-ல் க்வாஸூலு-நட்டால் பகுதியில் இருக்கிற நகண்ட்லா என்ற கிராமத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடப் படிப்பு கிட்டத்தட்ட இல்லை. ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் ஆயுதப் பிரிவில் சேர்ந்து, நாட்டை விட்டுப் போக முயன்றபோது பிடிபட்டார். 10 வருஷத் தண்டனை. வயது 21.

இன்னொருவர் டிக்காங் மொசெனெக்கே. பிரிட்டோரியாவில் ஆசிரியர் குடும்பத்துப் பையன். போட்டிக் கட்சியான பான் ஆப்பிரிக்கன் காங்கிரசைச் சேர்ந்தவர். அவருக்கும் 10 வருஷம். பிடிபட்டபோது வயது 15. ஆமா, 15தான். நம்ம ஊர்ல பத்தாவது பப்ளிக் எழுதற வயசு.

இரண்டு பேரும் ஒரே வருஷம் பிடிபட்டு, ஒரே வருஷம் 1973-ல் விடுதலையானார்கள். நடுவில் இருந்த 10 வருஷத்தில் அந்தச் சிறையில் ஒரு விசித்திரமான விஷயம் நடந்தது.

ஒரு பந்துக்காக

சிறை வாழ்க்கை எப்படி இருந்ததுன்னு முதல்ல சொல்லிடறேன். பகல் முழுக்கக் கல் குவாரியில் கல் உடைக்கணும். சாப்பாட்டில்கூட இனப் பாகுபாடு. இந்திய வம்சாவளிக் கைதிகளுக்கும் கலப்பினக் கைதிகளுக்கும் ரொட்டி உண்டு, ஆப்பிரிக்கக் கைதிகளுக்குக் கிடையாது. இந்தியர்களுக்கு முழுக்கால் சட்டை, ஆப்பிரிக்கர்களுக்கு அரைக்கால் சட்டை. வயசான ஆளா இருந்தாலும் 'நீ பையன்தான்'னு உடையிலேயே சொல்ற அவமானம் அது.

கைதிகளுக்குள்ளேயும் ஒற்றுமை இல்லை. இரண்டு கட்சிக்காரர்களுக்கும் ஆகாது. வெளியே இருந்த அரசியல் சண்டை உள்ளேயும் அப்படியே வந்தது. பேச்சுவார்த்தையே குறைவு.

ராத்திரியில் அறைக்குள் துணியையும் காகிதத்தையும் உருட்டிக் கட்டிப் பந்து செய்து, காவலர்களுக்குத் தெரியாமல் விளையாடினார்கள். அப்புறம் ஒரு முடிவு எடுத்தார்கள். திருட்டுத்தனமா எதுக்கு விளையாடணும்? உரிமையா கேட்போம். வாரா வாரம் குறை கேட்கும் நேரம் வரும்போது, ஒரு கைதி எழுந்து நின்று ஃபுட்பால் ஆட அனுமதி கேட்பார். பதில், தண்டனை. சாப்பாடு கட். அடுத்த வாரம் வேறொருவர் எழுந்து அதையே கேட்பார். மறுபடி சாப்பாடு கட். இப்படி வருஷக்கணக்கில் கேட்டார்கள்.

செஞ்சிலுவைச் சங்கத்தினர் சிறையைப் பார்வையிட வந்தபோதும் இந்தக் கோரிக்கை வைக்கப்பட்டது. வெளிநாடுகளில் கெட்ட பெயர் வருகிறதே என்ற கவலை அரசுக்கும் இருந்தது. கடைசியில் 1960களின் பிற்பகுதியில் அனுமதி கிடைத்தது. சனிக்கிழமை மட்டும், கொஞ்ச நேரம். மைதானத்தைக் கைதிகளே சமன் செய்தார்கள். கரை ஒதுங்கிய மரப்பலகையும் மீன் வலையும் கோல் போஸ்ட் ஆனது.

இங்கேதான் கதை சுவாரசியமாகுது. பந்து கிடைச்சாச்சு, ஜாலியா ஆடிட்டுப் போயிருக்கலாம் இல்லையா? அவங்க அப்படிச் செய்யல. ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க.

மகானா ஃபுட்பால் சங்கம்

சங்கத்துக்கு வைத்த பெயர் மகானா. யார் இந்த மகானா? 1819-ல் ஆங்கிலேயர்களின் கிரஹாம்ஸ்டவுன் கோட்டை நகரத்தைத் தாக்கிய கோசா இனத் தலைவர். தோற்றபின் இதே ரோபன் தீவில் அடைக்கப்பட்டு, தப்பிக்க முயன்று கடலில் மூழ்கி இறந்தவர். கிரஹாம்ஸ்டவுனுக்கே 2018-ல் மகாண்டா என்று அவர் பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு ஃபுட்பால் சங்கத்துக்கு அந்தப் பேரை வெச்சதே அரசியல்தான்.

சிறை நூலகத்தில் ஃபிஃபாவின் விதிமுறைப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அதை வரி வரியாகப் படித்து, அந்த விதிகளின்படியே லீக் நடத்துவது என்று முடிவானது. சங்கத்துக்கு எழுதப்பட்ட சட்டதிட்டம், தேர்தல், தலைவர், செயலாளர், ஒழுங்கு நடவடிக்கைக் குழு, மேல்முறையீட்டுக் குழு, நடுவர்களுக்கென்று தனிச் சங்கம் எல்லாம் வந்தது. ரேஞ்சர்ஸ், பக்ஸ், கன்னர்ஸ், ஹாட்ஸ்பர்ஸ், மனோங், டிச்சிச்சிடி என்று பல கிளப்கள். மனோங் என்றால் கழுகுகள். டிச்சிச்சிடி என்றால் மூட்டைப்பூச்சிகள். ஜெயில் டீமுக்கு இதைவிடப் பொருத்தமான பேர் கிடைக்குமா!

திறமைக்கு ஏற்ற மாதிரி மூன்று டிவிஷன். நல்லா ஆடத் தெரியாதவனும் ஏதாவது ஒரு டீமில் ஆடணும் என்பதுதான் நோக்கம். ஆரம்பத்தில் கிளப்கள் கட்சி வாரியாகத்தான் பிரிந்திருந்தன. மனோங் கிளப் மட்டும் எந்தக் கட்சிக்காரரும் சேரலாம் என்று கதவைத் திறந்தது. அப்புறம் மற்ற கிளப்களுக்கும் அது பரவியது. அரசியல் கூட்டத்தில் பேசாதவர்கள் மிட்ஃபீல்டில் பாஸ் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

சேர்ந்து ஒரே மேசையில் உட்கார்ந்து லீக் அட்டவணை போட வேண்டியிருந்தது. செயலாளர் ஒரு கட்சி, தலைவர் இன்னொரு கட்சி. மொசெனெக்கே இந்தச் சங்கத்தின் தலைவராக இருந்தவர். சூமா ரேஞ்சர்ஸ் கிளப்புக்கு ஆடினார். நடுவராகவும் இருந்தார்.

ஒரு வேடிக்கை சொல்றேன். அந்தக் காலத்தில் தென்னாப்பிரிக்காவின் அதிகாரபூர்வ ஃபுட்பால் சங்கத்தை, இனவெறிக்காக ஃபிஃபா தடை செய்திருந்தது. 1976-ல் அடியோடு வெளியேற்றியது. அதாவது ஆட்சியிலிருந்த வெள்ளையர்கள் ஃபிஃபா விதியை மீறினார்கள், அவர்கள் சிறையில் அடைத்த கைதிகள் அதே விதியை எழுத்துப் பிசகாமல் பின்பற்றினார்கள்.

மண்டேலா ஆடினாரா? இல்லை. தனிச்சிறைப் பிரிவில் இருந்தவர்களுக்கு ஆட அனுமதியே இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது தெரிந்ததும் பார்வையை மறைக்கச் சுவர் எழுப்பினார்கள்.

அட்லாண்டிக் ரெய்டர்ஸ் கேஸ்

இந்தச் சங்கம் எவ்வளவு சீரியஸா இருந்ததுன்னு புரிய ஒரே ஒரு சம்பவம் போதும்.

வருஷம் 1970. சிறையின் நட்சத்திர ஆட்டக்காரர்கள் சிலர் சேர்ந்து அட்லாண்டிக் ரெய்டர்ஸ் என்று ஒரு டீம் அமைத்தார்கள். எதிர்த்து ஆடியது ப்ளூ ராக்ஸ் என்ற சாதாரண டீம். எல்லாரும் ஸ்டார் டீம் ஊதித் தள்ளிடும்னு நினைச்சாங்க. ஆனா ப்ளூ ராக்ஸ் ஆரம்பத்திலேயே ஒரு கோல் போட்டது. அந்த கோல் செல்லாது என்று ரெய்டர்ஸ் சத்தம் போட்டது. நடுவர் கோல் என்று சொல்லிவிட்டார். ரெய்டர்ஸ் தோற்றது.

அங்கே ஆரம்பிச்சுது கேஸ். எழுத்து மூலம் புகார், விசாரணை, சாட்சிகள், தீர்ப்பு, மேல்முறையீடு. திருப்தி இல்லாத ரெய்டர்ஸ் ஆட்கள், பிறகு ஒரு சனிக்கிழமை மைதானத்தில் நேராக வந்து தரையில் படுத்துவிட்டார்கள். ஆட்டம் நடக்கவில்லை. கல் உடைத்துக் களைத்த மனிதர்களுக்கு வாரம் ஒருமுறை கிடைக்கும் ஒரே சந்தோஷம் போச்சு. அவர்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை, அதற்கு எதிர்வாதம், மறுபடி விசாரணை என்று மாதக்கணக்கில் இழுத்தது.

இதைக் கேட்டா சிரிப்பு வரும். மூட்டைப்பூச்சி கடிக்கிற சிறையில், ஒரு மேட்ச் கோலுக்கு அப்பீலா? ஆனா நிதானமா யோசிச்சுப் பாருங்க. இந்த மனிதர்களுக்கு வெளியே நியாயமான விசாரணையே கிடைத்ததில்லை. வெள்ளை நீதிபதி, வெள்ளைச் சட்டம், முன்கூட்டியே முடிவான தண்டனை. அவர்கள் சிறைக்குள் ஒரு கோர்ட்டை உருவாக்கி, அதில் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பையும் கேட்போம், எழுதி வைப்போம், பிடிக்காத தீர்ப்புக்கு மேல்முறையீடு தருவோம் என்று நடத்திக் காட்டினார்கள். அரசு தங்களுக்குத் தராத நியாயத்தைத் தங்களுக்குள் பழகிப் பார்த்தார்கள்.

அந்தக் கடிதங்களும் கூட்டக் குறிப்புகளும் கையெழுத்துப் பிரதிகளாக இன்றும் இருக்கின்றன. வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் பெட்டி பெட்டியாக இருந்ததை அமெரிக்க வரலாற்றுப் பேராசிரியர் சக் கோர் படித்து, மார்வின் க்ளோஸ் என்பவரோடு சேர்ந்து புத்தகமாக எழுதினார். இல்லாவிட்டால் இந்தக் கதை வெளியே வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

நமக்கு ஒரு சின்னத் தொடர்பும் உண்டு. அதே 1963-லிருந்து 1973 வரை ரோபன் தீவில் இருந்த இந்திரஸ் நாயுடு, தம்பி நாயுடுவின் பேரன். தம்பி நாயுடு யார் தெரியுமில்ல? டிரான்ஸ்வாலில் காந்தியோடு சேர்ந்து சத்தியாகிரகம் நடத்தி, திரும்பத் திரும்பச் சிறை போன தமிழர் தலைவர். தாத்தா ஜோகன்னஸ்பர்க் கோட்டைச் சிறையில், பேரன் ரோபன் தீவில். இந்த ஜோகன்னஸ்பர்க் கோட்டையைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

தீவிலிருந்து நாற்காலிக்கு

1994-ல் இனவெறி ஆட்சி முடிந்தது. கைதிகள் ஆட்சிக்கு வந்தார்கள்.

முதல் உதாரணம் ஸ்டீவ் ட்ஷ்வெட்டே. ரோபன் தீவில் 15 வருஷம் இருந்தவர். அவருக்கு உயிர் ரக்பி. தீவில் ரக்பியை நடத்தியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1992 உலகக் கோப்பையில், சிட்னியில் ஆஸ்திரேலியாவைத் தென்னாப்பிரிக்கா தோற்கடித்தபோது, கேப்டன் கெப்ளர் வெஸ்ஸல்ஸை ஒரு கறுப்பினத் தலைவர் கட்டிப்பிடித்துக் கண் கலங்கிய படம் ஞாபகம் இருக்கா? அவர்தான் இவர். மண்டேலா அமைச்சரவையில் விளையாட்டு அமைச்சர். 1999-ல் காவல்துறைக்குப் பொறுப்பான பாதுகாப்பு அமைச்சர். தன்னைப் பிடித்து அடைத்த போலீஸ் படைக்கு அவரே தலைவர்!

அழகான முடிவு மாதிரி தெரியுது இல்ல? ஆனா 2001-ல் அவர் டிவியில் வந்து, ஜனாதிபதி தாபோ எம்பெக்கிக்கு எதிராகச் சதி செய்வதாகச் சொந்தக் கட்சியின் மூன்று பெரிய தலைவர்களின் பெயரைச் சொன்னார். போலீஸ் விசாரணை நடப்பதாகவும் சொன்னார். மூவரில் ஒருவர் டோக்கியோ செக்ஸ்வாலே, அவரும் ரோபன் தீவுக் கைதி. இன்னொருவர் சிரில் ரமபோசா, பிற்காலத்தில் ஜனாதிபதி ஆனவர். எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை. ட்ஷ்வெட்டே மன்னிப்புக் கேட்டார். 2002-ல் இறந்துபோனார். உட்கட்சிப் போட்டியில் போலீஸைக் கருவியாக்குவது எவ்வளவு சுலபம் என்று நாடு அப்போது முதல்முறை பார்த்தது.

இப்போ நம்ம ரெண்டு ஆட்களுக்கு வருவோம்.

மொசெனெக்கே சிறையிலேயே பள்ளிப் படிப்பை முடித்து, தபால் வழியில் இரண்டு பட்டங்கள் வாங்கினார். வெளியே வந்ததும் வழக்கறிஞராகப் பதிவு செய்யப் போனால், நீ தென்னாப்பிரிக்கக் குடிமகனே இல்லை, உன் இனத்துக்கென்று ஒதுக்கிய 'தாயகத்தின்' குடிமகன் என்று மறுத்தார்கள். கோர்ட் வரை போய்த்தான் 1978-ல் வழக்கறிஞர் ஆனார். 1993 இடைக்கால அரசியல் சட்டத்தை எழுதியவர்களில் ஒருவர். 2002-ல் அரசியல் சட்ட நீதிமன்ற நீதிபதி. 2005-லிருந்து துணைத் தலைமை நீதிபதி.

சூமா அரசியலில் போனார். நாடு கடந்து வாழ்ந்த காலத்தில் கட்சியின் உளவுப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். 1999-ல் துணை ஜனாதிபதி. ஊழல் புகாரில் 2005-ல் பதவி பறிபோனது. 2007-ல் கட்சித் தலைவராக ஜெயித்துத் திரும்பி வந்தார். அந்த மாநாட்டிலேயே, ஊழல் வழக்குகளில் அவரையே விசாரித்துவந்த ஸ்கார்பியன்ஸ் என்ற சிறப்புப் புலனாய்வுப் படையைக் கலைக்கத் தீர்மானம் போட்டார்கள். 2009 தொடக்கத்தில் அதைக் கலைப்பதற்கான சட்டமும் வந்தது. அதே வருஷம் சூமா ஜனாதிபதி ஆனார்.

2010-ல் ஃபுட்பால் உலகக் கோப்பை தென்னாப்பிரிக்காவுக்கு வந்தபோது, அதைத் தொடங்கி வைத்தவர் ரோபன் தீவின் பழைய ரெஃப்ரி. அதற்கு மூன்று வருஷம் முன்பே, 2007-ல், மகானா சங்கத்துக்கு ஃபிஃபா கௌரவ உறுப்பினர் அந்தஸ்து கொடுத்திருந்தது. சினிமாக் கதையா இருந்தா இங்கேயே முடிஞ்சிருக்கும்.

நகண்ட்லா தீர்ப்பு

பிறந்த கிராமமான நகண்ட்லாவில் சூமாவுக்கு ஒரு வீடு. ஜனாதிபதியின் பாதுகாப்புக்காக என்று அரசுப் பணத்தில் வேலைகள் நடந்தன. பொதுமக்கள் குறைகேட்பு அதிகாரி துலி மடோன்செலா விசாரித்து 2014-ல் அறிக்கை கொடுத்தார். மொத்தச் செலவு 24.6 கோடி ராண்ட் என்று மதிப்பிட்டார். அதில் நீச்சல் குளம், மாட்டுத் தொழுவம், கோழிக்கூடு, வட்டத் திறந்தவெளி அரங்கம் எல்லாம் இருந்தன. நீச்சல் குளம் எதுக்குன்னு கேட்டா, தீ பிடிச்சா அணைக்கத் தண்ணி வேணும் இல்லன்னு பதில் வந்தது! பாதுகாப்புக்குச் சம்பந்தமில்லாத செலவில் ஒரு பங்கைச் சூமா திருப்பிக் கட்டணும் என்றார் மடோன்செலா.

சூமா கட்டவில்லை. அவருடைய அமைச்சர்களே விசாரித்து, ஒன்றும் கட்ட வேண்டாம் என்றார்கள். நாடாளுமன்றப் பெரும்பான்மை தலையாட்டியது. சுருக்கமா, ரெஃப்ரி விசில் ஊதியும் ஆட்டத்தை நிறுத்தவில்லை.

வழக்கு அரசியல் சட்ட நீதிமன்றம் போனது. அந்த நீதிமன்றம் எங்கே இருக்கு தெரியுமா? நான் ஞாபகம் வெச்சுக்கச் சொன்ன ஜோகன்னஸ்பர்க் கோட்டைச் சிறை வளாகத்தில். காந்தியும் தம்பி நாயுடுவும் மண்டேலாவும் அடைபட்டிருந்த இடம். விசாரணைக் கைதிகள் இருந்த பகுதியை இடித்து, அதன் செங்கற்களையே எடுத்து நீதிமன்றம் கட்டினார்கள்.

2016 மார்ச் 31. பதினொரு நீதிபதிகளும் ஒரே குரலில் தீர்ப்பு சொன்னார்கள். அரசியல் சட்டத்தைக் காக்கவும் மதிக்கவும் ஜனாதிபதி தவறிவிட்டார் என்பதுதான் தீர்ப்பு. தலைமை நீதிபதி மொகோயெங் வாசித்தார். அந்தப் பதினொருவரில் ஒருவர், மகானா சங்கத்தின் பழைய தலைவர் டிக்காங் மொசெனெக்கே.

இன்னொரு தகவலையும் சேர்த்துச் சொல்லணும். தலைமை நீதிபதி பதவிக்கு மொசெனெக்கேதான் வருவார் என்று பலர் எதிர்பார்த்திருந்தார்கள். 2009-லும் 2011-லும் சூமா அவரைத் தாண்டி வேறு ஒருவரை நியமித்தார். 2011-ல் அப்படிச் சூமா தேர்ந்தெடுத்தவர்தான் அந்த மொகோயெங். தன் ஆள் என்று பலரும் நினைத்த நீதிபதியே சூமாவுக்கு எதிராகத் தீர்ப்பை வாசித்தார். ஆக, பழைய தீவுக்காரர் இருவருக்கும் இடையேயான தனிப்பட்ட கணக்கு என்று இதைத் தள்ளிவிட முடியாது. அமைப்பு வேலை செய்தது, அவ்வளவுதான்.

சூமாவுக்கு 78 லட்சம் ராண்ட் சொச்சம் கட்ட வேண்டும் என்று கணக்கு வந்தது. இந்த முறை கட்டினார்.

மறுபடி சிறை

மொசெனெக்கே 2016 மே மாதம் ஓய்வு பெற்றார். அப்புறமும் சும்மா இருக்கவில்லை. மாநில அரசின் அலட்சியத்தால் 144 மனநல நோயாளிகள் இறந்த லைஃப் எசிடிமெனி விவகாரத்தில், குடும்பங்களின் சாட்சியங்களைப் பொறுமையாகக் கேட்டு 2018-ல் இழப்பீட்டுத் தீர்ப்பு சொன்னவர் அவர்தான்.

சூமா 2018 பிப்ரவரியில், கட்சியே நெருக்கியதால் ராஜினாமா செய்தார். உத்தரப்பிரதேசத்தின் சஹாரன்பூரிலிருந்து போன குப்தா சகோதரர்கள் அரசாங்கத்தையே வளைத்துப்போட்டது பற்றிய விசாரணை ஆணையம் அவரை அழைத்தது. தலைவர் நீதிபதி ரேமண்ட் ஸோண்டோ, நகண்ட்லா தீர்ப்பு சொன்ன பதினொருவரில் இன்னொருவர். 2020 நவம்பரில் அனுமதி இல்லாமலேயே சூமா விசாரணையிலிருந்து எழுந்து போனார். ஆஜராகணும்னு அரசியல் சட்ட நீதிமன்றம் உத்தரவு போட்டது. வரமாட்டேன் என்றார்.

2021 ஜூன் 29. நீதிமன்ற அவமதிப்புக்காக 15 மாதச் சிறை. 7 நீதிபதிகள் ஆதரவு, 2 பேர் மாறுபட்ட தீர்ப்பு. ஜூலை 7 நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் சூமா சரணடைந்தார். இனவெறி ஆட்சி 1973-ல் விடுதலை செய்த மனிதர், தான் போராடிக் கொண்டுவந்த ஜனநாயகத்தின் சிறைக்குள் 48 வருஷம் கழித்துப் போனார்.

அடுத்த சில நாட்களில் க்வாஸூலு-நட்டாலும் கௌட்டெங்கும் எரிந்தன. கடைகள் சூறையாடப்பட்டன. 350-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்திய வம்சாவளியினர், அதில் தமிழர்களும், அதிகம் வாழும் டர்பன் அருகிலுள்ள ஃபீனிக்ஸில் மட்டும் 30-க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். ஊரைக் காக்கிறோம் என்று துப்பாக்கியோடு சாலையை மறித்தவர்களில் இந்திய வம்சாவளியினர் இருந்தார்கள். போலீஸ் வரவில்லை, அதனால் நாங்களே சட்டம் என்று கிளம்பினால் எங்கே போய் முடியும் என்பதற்கு அந்த ஜூலை ஒரு கொடுமையான சாட்சி.

சூமா இரண்டு மாதத்தில் மருத்துவக் காரணத்தால் பரோலில் வந்தார். அதோடு கதை முடியல. 2024 தேர்தலில் புதுக் கட்சியோடு வந்தார். 15 மாதத் தண்டனை பெற்றவர் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட முடியாது என்று அரசியல் சட்ட நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் அவர் கட்சி 14 சதவீதத்துக்கு மேல் ஓட்டு வாங்கியது.

சரி, அப்போ ஃபுட்பால் என்ன கத்துக்கொடுத்தது?

சுலபமான பதில் ஒன்று உண்டு: விளையாட்டு ஒழுக்கத்தைக் கற்றுத்தரும், அதனால் நல்ல தலைவர்கள் உருவாவார்கள். பள்ளி ஸ்போர்ட்ஸ் டே மேடையில் கேட்ட மாதிரி இருக்கும். ரோபன் தீவு அதை ஆமோதிக்கல. ஒரே மைதானம், ஒரே விதிப் புத்தகம், ஒரே பத்து வருஷம். ஒருவர் நீதிபதி ஆனார், இன்னொருவர் அந்த நீதிமன்றத்தின் முன் குற்றம் சாட்டப்பட்டவர் ஆனார்.

அப்போ விளையாட்டால ஒன்னுமே இல்லையா? அதுவும் சரியில்ல. மகானா சங்கம் செய்த பெரிய வேலை நல்ல மனிதர்களை உருவாக்கியது இல்லை என்றுதான் எனக்குத் தோணுது. மனிதர்கள் எப்பவும் நல்லவங்களா இருக்க மாட்டாங்க என்பதை அது முன்கூட்டியே ஒப்புக்கொண்டது. அதனால்தான் தேர்தல் வைத்தது, மேல்முறையீடு வைத்தது, எல்லாவற்றையும் எழுதி வைத்தது. ஸ்டார் ப்ளேயர்கள் மைதானத்தில் படுத்துப் புரண்டபோதுகூட, அவர்கள் ஸ்டார் என்பதற்காக கோலை மாற்றவில்லை.

தென்னாப்பிரிக்காவின் அரசியல் சட்டமும் அப்படித்தான். ஜனாதிபதி நேர்மையாக இருப்பார் என்று அது நம்பிக்கொண்டு உட்காரவில்லை. குறைகேட்பு அதிகாரி, சுதந்திரமான நீதிமன்றம், தேர்தல் ஆணையம் என்று ஒன்றன் பின் ஒன்றாகத் தடுப்பு வைத்திருக்கிறது. ஸ்கார்பியன்ஸைப் போல ஒரு தடுப்பு உடைந்தபோது நாடு பெரிய விலை கொடுத்தது. மற்ற தடுப்புகள் நின்றதால்தான் ஓரளவு மீண்டது.

தேர்தல் வந்தா நாம வழக்கமா கேக்கற கேள்வி, இவரு நல்லவரா, தியாகம் பண்ணவரா, ஜெயிலுக்குப் போனவரா என்பதுதான். சூமா போயிருக்கார், பத்து வருஷம். அந்தத் தியாகம் உண்மை. யாரும் மறுக்க முடியாது. ஆனா அது போதல. கூடவே இன்னொரு கேள்வியும் கேக்கணும்: இவர் ஃபவுல் பண்ணினா, விசில் ஊத ஆள் இருக்கா, ஊதினா இவர் நிப்பாரா?

அடுத்த எபிசோடில் சந்திப்போம். இதைக் கேட்கிற, படிக்கிற ஃபுட்பால் பைத்தியங்கள் யாராவது உங்க நண்பர்கள் கூட்டத்தில் இருந்தா, லிங்க்கை அனுப்பி விடுங்க.